சந்தையில் கிடைக்கும் பழைய டிஜிட்டல் கேமரா: வாங்கலாமா, வாங்கினால் என்ன பார்க்கணும்?

வாசகர் கேள்வி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கேனன் பவர்ஷாட் ஏ75 ஒன்றைப் பார்த்தேன். வெள்ளி நிறம், பெட்டி கிடையாது. 3,500 சொல்கிறார். "இப்ப காலேஜ் பசங்க எல்லாம் இதத்தான் தேடி வர்றாங்க, ரேர் பீஸ்" என்கிறார். ஆன் ஆகிறது, உள்ளே யாரோ எடுத்த பழைய படங்கள்கூடத் தெரிகின்றன. வாங்கலாமா? பழைய கேமராக்களில் இருக்கும் சிசிடி வகை சென்சாரின் நிறம் போனில் வரவே வராது என்கிறார்களே, உண்மையா?

18 ஜனவரி 2025

அவசரப்படாதீர்கள். பழைய படங்கள் தெரிவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஏற்கெனவே எடுத்த படத்தைக் காட்டுவதற்கு, வெளிச்சத்தைப் படமாக்கும் சிப்பான சென்சாரே வேண்டாம், கார்டும் ஸ்கிரீனும் நன்றாக இருந்தால் போதும். சென்சார் செத்துப்போன கேமராவும் மெனு காட்டும், லென்ஸை நீட்டி மடக்கும், பழைய படங்களை வரிசையாகப் புரட்டும். படம் எடுக்கும் பக்கம் திருப்பினால்தான் உண்மை தெரியும்.

நீங்கள் பார்த்தது ஏ75 என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 2005 அக்டோபரில், சோனி செய்து பல கம்பெனிகளுக்குக் கொடுத்த சிசிடி சென்சார்களில் ஒரு கோளாறு இருப்பது வெளியே வந்தது. சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி இணைப்புகள் விட்டுப்போகின்றன. சோனி, கேனன், நிக்கான், ஃப்யூஜிஃபிலிம், ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா என்று ஒவ்வொருவரும் தங்கள் மாடல் பட்டியலை வெளியிட்டு, வாரன்டி முடிந்திருந்தாலும் காசு வாங்காமல் சரிசெய்து தந்தார்கள். கேனன் பட்டியலில் பவர்ஷாட் ஏ60, ஏ70, ஏ75, ஏ300, ஏ310, எஸ்230 இருந்தன. பெரும்பாலும் 2002 கடைசியிலிருந்து 2004 தொடக்கம் வரை செய்த சென்சார்கள். சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ இந்தக் கோளாறு வர வாய்ப்பு அதிகம் என்று அந்த அறிவிப்பிலேயே இருந்தது.

சென்னையில் 20 வருடம் பீரோவுக்குள் கிடந்த கேமராவுக்கு அந்த இரண்டும் ஒரு குறைவும் இல்லாமல் கிடைத்திருக்கும்.

கோளாறு வந்த கேமராவில் ஸ்கிரீன் முழுக்க ஊதா படரும், அல்லது காட்சி பட்டை பட்டையாக உடைந்து நெளியும், அல்லது ஒரேயடியாகக் கறுப்பாகிவிடும். கறுத்த படத்தின் மேலும் பேட்டரி அடையாளம், பிளாஷ் அடையாளம் எல்லாம் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துவிட்டு "லென்ஸ் மூடி திறக்கல சார், தட்டினா சரியாயிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

18 ஜனவரி, இரவு

நிறம் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம், வருகிறேன்.

20 ஜனவரி 2025

"ரேர் பீஸ்" விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி 2010-ல் மட்டும் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் ஆலைகளிலிருந்து வெளியே போயின. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2000-க்கும் 2010-க்கும் நடுவில் விற்ற கேமராக்கள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? வீட்டுப் பீரோக்களில் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மாமா, சித்தப்பா கொண்டுவந்தவை, பர்மா பஜாரில் வாங்கியவை, கல்யாணத்துக்குப் பரிசாக வந்தவை. சார்ஜர் ஒரு பக்கம் கேமரா ஒரு பக்கமாகக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கும் முன் உங்கள் அத்தை வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நிஜமாகவே அரிதானவை இருக்கின்றன. 1995-ல் விற்பனைக்கு வந்த கேசியோ கியூவி-10, உடம்பை நடுவில் முறுக்கிப் படமெடுக்கும் 1999-ன் நிக்கான் கூல்பிக்ஸ் 950, ஃபிளாப்பி டிஸ்கில் படத்தைச் சேமிக்கும் சோனி மாவிகா இவையெல்லாம் சேகரிப்பவர்களின் பொருட்கள். ஏ75 அந்த வரிசையில் இல்லை. அது தன் காலத்தில் வீட்டுக்கு வீடு போன நல்ல உழைப்பாளிக் கேமரா.

3,500 அதிகம். அதற்கும் கீழே, பார்த்து எடுத்தால், இதைவிட நல்லது கிடைக்கும்.

25 ஜனவரி 2025

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொன்னபடி சோதித்தேன். டியூப் லைட்டைப் பார்த்துத் திருப்பியதும் ஸ்கிரீனில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. இதுவும் போன சென்சாரா?"

இல்லை, பயப்பட வேண்டாம். அது சிசிடி-யின் பிறவிக் குணம். கடுமையான வெளிச்சம் ஒரு புள்ளியில் விழும்போது அங்கே பொங்கும் மின்னூட்டம் அந்த நெடுக்கு வரிசை முழுவதும் கசிகிறது. லைட்டை விட்டுக் கேமராவைத் திருப்பினால் கோடும் போய்விடும். வீடியோவில் அது பதிவாகும். படத்தில் வராது, ஏனென்றால் படத்தை வாசிக்கும் நேரத்தில் ஷட்டர் மூடிக்கொண்டுவிடுகிறது. எடுத்த படத்திலும் கோடு இருந்தால் மட்டும் யோசியுங்கள். கோடு வெளிச்சத்தோடு வந்து வெளிச்சத்தோடு போனால் சென்சார் நலம். சாதாரணச் சுவரைப் பார்க்கும்போதும் கோடு நின்றால் கேமராவை வைத்துவிட்டு நகருங்கள்.

2 பிப்ரவரி 2025

சந்தையில் எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்டதால் விரிவாக.

பல்லாவரத்துக்கு நான் போகும்போது சட்டைப்பையில் சார்ஜ் ஏற்றிய பென்சில் பேட்டரி நான்கு, ஒரு சின்ன சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) கார்டு, 1 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று, சாவிக்கொத்து டார்ச் ஒன்று இருக்கும். தார்ப்பாயில் ரிமோட், சார்ஜர், டெலிபோன் ரிசீவர் குவியலுக்கு நடுவில்தான் கேமராக்கள் கிடக்கும். ஆன் செய்வதற்கு முன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். போன வாரம் இப்படித் திறந்தபோது உள்ளே ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. யாரோ பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள், அது கசிந்து உறைந்திருக்கிறது. கொஞ்சம் என்றால் சரிசெய்யலாம். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம், அதனால் பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து காயவைத்தால் ஸ்பிரிங் மறுபடி பளபளக்கும். ஆனால் ஸ்பிரிங் அடியோடு அரித்து, பச்சை நிறம் உள்ளே போகும் ஒயர்மேல் ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

அதே இடத்தில் மூடியின் கொக்கியையும் பாருங்கள். நான்கு பேட்டரிகளும் ஸ்பிரிங்கும் சேர்ந்து தள்ளும் தள்ளலை அந்தக் குட்டிப் பிளாஸ்டிக் கொக்கிதான் 20 வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. உடைந்திருந்தால் ரப்பர் பேண்டு போட்டுத்தான் காலம் தள்ள வேண்டும்.

பிறகு விற்பவரிடம் ஒரு வார்த்தை. "அண்ணே, என் பேட்டரி போட்டுப் பாத்துக்கவா?" பெரும்பாலும் "பாத்துக்கப்பா, ஸ்க்ரூ மட்டும் கழட்டாத" என்பார்கள். அது நியாயம்தான்.

ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே வரும் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சீராக 'ஸ்ஸ்' என்று வர வேண்டும். மணல் கடிப்பதுபோல் கரகரத்தாலோ, பாதியில் நின்று டிக் டிக் என்று துடித்தாலோ பல்சக்கரத்தில் தூசியோ மண்ணோ புகுந்திருக்கிறது. கேனனில் அப்போது ஸ்கிரீனில் ஈ18 என்று வரும், மற்றவர்களிடம் வேறு சொற்களில் லென்ஸ் பிழை என்று வரும். மெரினாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ போய் வந்த கேமராக்களுக்கு இது சகஜம். தட்டிக் கொட்டிச் சரிசெய்து காட்டினாலும் திரும்ப வரும்.

நீட்டிய லென்ஸுக்குள் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி நாலு புள்ளி இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. சிலந்தி நூல்போல் கிளை பிரிந்து படர்ந்திருந்தால் அது பூஞ்சை. காம்பாக்ட் கேமராவின் லென்ஸைப் பிரித்துப் பூஞ்சை எடுக்க ஆகும் கூலியில் இன்னொரு கேமராவே வாங்கலாம்.

கடைசியாக வெயிலுக்கு வாருங்கள். உங்கள் கார்டைப் போட்டு ஒரு படம் தூரத்தில், ஒன்று கிட்டத்தில், ஒன்று நிழலில் பிளாஷோடு. ஜூமை முழுக்க நீட்டி ஒன்று. எடுத்ததை அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் தெளிவாக இருந்தால் பேரத்தை ஆரம்பிக்கலாம்.

3 பிப்ரவரி 2025

விட்டுப்போன ஒன்று. வாங்கிய கேமராவில் யாருடைய குடும்பப் படங்களாவது இருந்தால், முகம் தெரியும் படங்களை எங்கேயும் போடாதீர்கள். முதலில் விற்பவரிடம் சொல்லுங்கள், அவருக்குக் கொடுத்தவரைத் தெரிந்திருந்தால் திருப்பிக் கொடுக்க முடியும். முடியாவிட்டால் கார்டை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

9 பிப்ரவரி 2025

பேட்டரி, கார்டு. இந்த இரண்டும்தான் பழைய கேமராவின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன, மெகாபிக்சல் அல்ல.

பென்சில் பேட்டரியில் ஓடும் மாடலாகப் பாருங்கள். கம்பெனிக்கென்று தனியாகச் செய்த லித்தியம் பேட்டரி போடும் கேமரா என்றால், அந்தப் பேட்டரிக்கும் 20 வயதாகியிருக்கும், உப்பியிருக்கும். டூப்ளிகேட் சிலவற்றுக்குக் கிடைக்கிறது, பலவற்றுக்கு இல்லை. பென்சில் பேட்டரி தெருமுனைப் பெட்டிக்கடையில்கூட உண்டு.

ஆனால் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரியைப் போட்டுவிட்டு "கேமரா செத்துப்போச்சு" என்று முடிவுகட்டாதீர்கள். லென்ஸ் மோட்டாரும் பிளாஷும் ஒரே நேரத்தில் இழுக்கும் கரண்டைச் சாதாரண பேட்டரியால் தர முடியாது, வோல்டேஜ் படுத்துவிடும். அல்கலைன் கொஞ்சம் தாங்கும். சரியான வழி, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதிலும் சும்மா வைத்திருந்தால் சார்ஜ் வடியாத வகை வாங்குங்கள். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப்தான் அந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. வேலை முடிந்ததும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.

கார்டில் ஒரு கண்ணி இருக்கிறது. 2 ஜிபி-க்கு மேல் கொள்ளும் எஸ்டிஹெச்சி வகை வந்தது 2006-ல். அதற்கு முந்தைய கேமராக்கள் 2 ஜிபி வரையிலான பழைய எஸ்டி கார்டை மட்டுமே படிக்கும். ரிச்சி தெருவில் இன்று போய் எஸ்டி கார்டு கேட்டால் 32, 64 ஜிபி-தான் எடுத்துப் போடுவார்கள். போட்டால் கார்டு பிழை என்று வரும், கேமரா பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள். பழைய பட்டன் போன்களில் இருந்த 1 அல்லது 2 ஜிபி மைக்ரோ எஸ்டி வீட்டில் இருக்கும், தேடுங்கள். அடாப்டரில் செருகி, கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்தால் போதும். ஏழு மெகாபிக்சல் படம் ஒன்று ஏறக்குறைய 3 எம்பி. ஒரு ஜிபி-யில் 300 படங்களுக்கு மேல் நிற்கும். ஒரு கல்யாணத்துக்கே தாங்கும்.

ஏ75 போன்றவற்றுக்கு எஸ்டி போகாது, சிஎஃப் வேண்டும்.

16 பிப்ரவரி 2025

சரி, நிறம்.

சிசிடி-க்கென்று தனி நிறம் கிடையாது. சிலிக்கன் வெளிச்சத்தின் அளவை மட்டும்தான் எண்ணும். சிவப்பு, பச்சை, நீலம் எது எவ்வளவு என்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் வண்ண வடிகட்டியிலும், பிறகு கேமராவுக்குள் ஜேபெக் செய்யும் சிப்பிலும் முடிவாகிறது. இதை நானே சோதித்தேன். என்னிடம் இருப்பது 2005-ல் வந்த பவர்ஷாட் ஏ620. சிஎச்டிகே என்று ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள் ஒன்று உண்டு, கார்டில் ஏற்றினால் இந்தக் கேமரா 'ரா' படத்தை, அதாவது சென்சார் எண்ணியதை அப்படியே, சேமிக்கும். ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் எடுத்து கம்ப்யூட்டரில் பக்கத்தில் வைத்தேன். ஜேபெக்கில் மாடித் தோட்டத்துச் செம்பருத்தி அடர்ந்த சிவப்பு, வானம் கொஞ்சம் மயில்நீலம். சென்சார் எண்ணியதை எந்தச் சேர்மானமும் இல்லாமல் திறந்தால் சாதுவான, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு படம். அந்தச் சிவப்பு கேமராவுக்குள் உட்கார்ந்து யாரோ ஒரு பொறியாளர் எடுத்த முடிவு.

அப்படியானால் ஏன் பார்க்க வேறாக இருக்கிறது? போன் ஒரு தடவை அழுத்தினால் பல படங்களை எடுத்து ஒட்டுகிறது. நிழலைத் தூக்கிவிடுகிறது, வானத்தை அடக்குகிறது, முகத்தைத் தேய்க்கிறது. பழைய கேமரா ஒரே ஒரு படம்தான் எடுக்கும். நிழல் கறுப்பாகவே கிடக்கும், வெளுத்தது வெளுத்ததுதான். பிளாஷும் வேறு. போனில் இருப்பது சின்ன எல்இடி விளக்கு. இதில் இருப்பது செனான் குழாய். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பங்கில் வெடித்து அணைகிறது, ஆடும் கையும் அப்படியே உறைகிறது. உங்கள் தோழிகள் 'அந்தக் காலத்து லுக்' என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த பிளாஷ்தான் என்பது என் கட்சி.

17 பிப்ரவரி 2025

ஒரு அக்கா கோபமாக எழுதியிருக்கிறார்: "இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் ஆசையே போய்விடும்." எனக்கு அப்படிப் போகவில்லை அக்கா. அந்தச் செம்பருத்தியை இன்னும் ஜேபெக்கில்தான் எடுக்கிறேன்.

9 மார்ச் 2025

தங்கை வீட்டு வளைகாப்புக்கு ஏ620-ஐ மட்டும் கொண்டுபோனேன். போனை எடுக்கவில்லை. பயன்படுத்துவது பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று அங்கேதான் உறைத்தது.

முதல் பாடம் பாதி அழுத்தல். ஷட்டர் பட்டனை ஒரேயடியாக அழுத்தினால், கேமரா ஃபோகஸ் தேடி, வெளிச்சம் அளந்து, எடுப்பதற்குள் காட்சி முடிந்துவிடும். வளையல் கைக்குள் ஏறும் நொடிக்காக முன்கூட்டியே பட்டனைப் பாதி அழுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மணிக்கட்டைத் தாண்டும் நேரத்தில் மிச்சப் பாதியை அழுத்தினால் உடனே எடுக்கும். என் அத்தை கண்ணாடி வளையல் போட்டுவிடும்போது கர்ப்பிணியின் விரல்களைக் குவித்துப் பிடித்திருந்தார். அந்தக் குவிப்பும், வளையல் விளிம்பில் பிளாஷ் பட்டுச் சிதறிய பச்சையும் படத்தில் அப்படியே இருக்கிறது. சந்தனத்தின் ஈரம்கூடத் தெரிகிறது.

பிளாஷ் மூன்று மீட்டருக்குள் நிற்பவர்களுக்குத்தான். பின்வரிசைப் பெரியவர்கள் இருட்டில் போய்விடுவார்கள், அவர்களைத் தனியாக ஜன்னலோரம் உட்காரவைத்து எடுங்கள். ஐஎஸ்ஓ-வை, அதாவது வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவை, ஆட்டோவில் விடாமல் 50 அல்லது 100-ல் பூட்டுங்கள். 400 போனால் புடவைக் கரையின் நெசவு மணல்மணலாகக் கரைந்துவிடும்.

ஸ்கிரீனை அணைத்துவிட்டு மேலே உள்ள கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து எடுத்தால் பேட்டரி வெகுநேரம் நிற்கும். ஆனால் துளையில் தெரிவதைவிடப் படத்தில் கொஞ்சம் கூடுதலாக விழும். அதனால் துளையில் தலை முட்டினாலும் படத்தில் தப்பிக்கும். கிட்டத்தில் எடுக்கும்போது மட்டும் துளையை நம்பாதீர்கள், லென்ஸ் பார்ப்பது வேறு கோணம்.

11 மே 2025

கத்திரி வெயில். ஜனவரியில் எழுதியது என் வீட்டிலேயே நடந்தது.

2003 வாக்கில் வந்த மூன்று மெகாபிக்சல் கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பிப்ரவரி வரை நன்றாகவே ஓடியது. போன வாரம் மதியம் மாடியில் எடுத்தபோது வெள்ளைச் சுவரில் லேசாக ஊதா ஏறியிருந்தது, வெயிலின் வேலை என்று நினைத்தேன். மறுநாள் மெல்லிய கிடைக்கோடுகள். ராத்திரி ஏசி அறையில் எடுத்துப் பார்த்தால் சுத்தமாகச் சரியாகிவிட்டது. அடுத்த மதியம் மறுபடி கோடு, இந்தத் தடவை படம் பாதிக்கு மேல் உடைந்திருந்தது. இன்றைக்கு வெறும் கறுப்பு.

நேரில் பார்த்ததால் சோதனை முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். காலை எட்டு மணிக்குக் குளிர்ச்சியில் சோதித்துவிட்டு நம்பாதீர்கள். கேமரா சூடான பிறகுதான் இணைப்பு விடுகிறது. சந்தையில் என்றால் வெயிலில் பத்து நிமிடம் ஆனிலேயே வைத்து, பிறகு எடுத்துப் பாருங்கள். விற்பவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பத்து நிமிடம் போவதே தெரியாது.

13 மே 2025

பிரித்துப் பார்க்கட்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். பிளாஷுக்கான கப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும். விரல் பட்டால் தூக்கி அடிக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், அல்லது அப்படியே விட்டுவிடுங்கள்.

22 ஜூன் 2025

சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி: "எங்கள் ஊரில் வருடம் முழுக்க ஈரம்தான். வீட்டில் டிரை கேபினெட் வைத்திருக்கிறேன். அண்ணா, என் ஏ75 இன்றும் நன்றாக ஓடுகிறது. அந்த மாடலையே ஒதுக்கச் சொன்னது கொஞ்சம் அதிகம் இல்லையா?" கூடவே தேக்கா மார்க்கெட்டில் எடுத்த வாழையிலைக் கட்டுகளின் படம் அனுப்பியிருக்கிறார். அருமையான படம், நரம்பு நரம்பாகத் தெரிகிறது.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டியலில் உள்ள மாடல் என்பதற்காக எல்லாமே சாகும் என்று அர்த்தமில்லை. இலவசமாகச் சரிசெய்து கொடுத்த காலத்தில் கோளாறைக் காட்டி சென்சாரை மாற்றிக்கொண்டவர்களின் கேமராக்களும் சந்தையில் சுற்றுகின்றன, அவை நீண்ட நாள் ஓடும். எது மாற்றியது எது மாற்றாதது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். ஆக ஏ75-ஐ 500, 600 ரூபாய்க்குக் கொடுத்தால், சூட்டில் சோதித்துவிட்டு, ஆசைக்கு வாங்குங்கள். 3,500-க்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

கேபினெட் இல்லாத வீடுகளுக்கு: காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் ஜெல்லை வறுத்து மறுபடி போடலாம். தோல் உறையில் போட்டு மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு நல்ல வாய்ப்பு. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

3 ஆகஸ்ட் 2025

ஃப்யூஜியின் ஃபைன்பிக்ஸ் எஃப்30 பற்றிக் கேட்டவருக்கு. 2006-ல் வந்தது, 6.3 மெகாபிக்சல், ஐஎஸ்ஓ 3200 வரை போகும். அன்றைக்குக் காம்பாக்ட் கேமராவில் இருட்டில் இப்படி எடுப்பது பெரிய சாதனை. இன்றும் கோயில் உட்பிரகாரம்போல் மங்கலான இடத்தில் என் ஏ620-ஐவிட நன்றாகவே எடுக்கும். தயக்கம் கார்டில்தான். ஃப்யூஜியும் ஒலிம்பஸும் சேர்ந்து 2002-ல் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டு இதற்கு வேண்டும். அதன் உச்சமே 2 ஜிபி, புதிதாக யாரும் செய்வதில்லை, பழசுக்குக் கேமரா விலையே கேட்கிறார்கள். கார்டோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். அதற்கும் முந்தைய ஸ்மார்ட்மீடியா கார்டு போடும் ஒலிம்பஸ் என்றால் 128 எம்பி-க்கு மேல் கார்டே கிடையாது. அதைச் செருகிப் படிக்கும் ரீடர் உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

12 அக்டோபர் 2025

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஏ75-ஐ விட்டுவிட்டாராம். பெரியம்மா வீட்டுப் பீரோவில் பவர்ஷாட் ஏ610 கிடைத்திருக்கிறது. 5 மெகாபிக்சல், ஏ620-க்கு உடன்பிறப்பு, அதே உடம்பு, அதே திருப்பும் ஸ்கிரீன், பென்சில் பேட்டரி, எஸ்டி கார்டு. இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

"ஒவ்வொரு தடவை பேட்டரி மாற்றும்போதும் தேதி கேட்கிறது. கேட்காமல் தள்ளிவிடலாமா?"

தள்ளாதீர்கள். தேதி போடாமல் எடுத்த படங்களை போனில் ஏற்றினால் கேலரி அவற்றை 20 வருடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். போன மாதம் எடுத்த என் அண்ணன் மகள் படம் அவள் அம்மா காலேஜ் படித்த வருடத்தில் போய் நின்றது. வீடே சிரித்தது, தேடி எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆனது.

தேதியைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பட்டன் செல். சில மாடல்களில் அதைக் கழற்றி மாற்றலாம். பேட்டரி அறையிலோ ஓரத்திலோ நகத்தால் இழுத்தால் வரும் சின்னத் தட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பழைய செல்லைக் கடைக்கே எடுத்துப்போய் மேலே பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி அதையே வாங்குங்கள், எழுத்துள்ள பக்கம் எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டே இல்லாத மாடல்களில் தானாகச் சார்ஜ் ஆகும் செல் உள்ளேயே பற்றவைத்திருக்கும். அதற்குச் சார்ஜ் ஏற்றிய நான்கு பேட்டரிகளைப் போட்டு, கேமராவை ஆஃப் செய்து ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். பிறகு தேதியைப் போட்டுவிட்டு, பேட்டரியை மாற்றும்போது மூடியை ரொம்ப நேரம் திறந்து வைக்காமல் சட்டென்று மாற்றுங்கள், அதற்குள் மறக்காது.